கேஸ் ஷீட்டின் கடைசிப் பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் மனநல வார்டில் இருந்த நோயாளி, டிஸ்சார்ஜ் ஆன ஆறாம் நாள் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய தம்பிதான் தொலைபேசியில் சொன்னார். வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தாம் அபாயம் மிகுந்தவை என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன் நான். அவரைக் கவனித்துவந்தவள் இரண்டாம் ஆண்டு பிஜி மாணவி. வாட்ஸ்அப் குழுவில் யாரும் போட வேண்டாம் என்று தடுத்துவிட்டு, அறைக்கு அழைத்து நானே சொன்னேன். அழவில்லை. "நாளை ஓபி எனக்குத்தானே, சார்?" என்றாள்.

ஜூன் 4, புதன்

கேஸ் ஷீட்டை விரித்து வைத்திருந்தாள். 'தற்கொலை எண்ணம் இல்லை' என்று அவள் கையெழுத்தில் இருந்த வரியின்மேல் விரல். இனி அதில் ஓர் எழுத்தைக்கூடச் சேர்க்கவோ அடிக்கவோ கூடாது என்று சொல்லி வாங்கி, ஆவண அறையில் ஒப்படைத்தேன். போலீஸ் வந்தால் தனியாகப் பேச வேண்டியதில்லை, உடன் இருப்பேன் என்றேன். இரவுப் பணி இரண்டை மட்டும் மாற்றினேன். முழுக்க விலக்கினால் தண்டனையாகத் தெரியும்.

ஜூன் 6, வெள்ளி

தம்பி வந்தார். நான்தான் பேசுவதாக இருந்தேன். அவளும் வந்து உட்கார்ந்தாள். மீதி மாத்திரைகளை மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். "வேறு யாருக்காவது ஆகுமா, டாக்டரம்மா?" பதினான்கு கொடுத்ததில் எட்டு இருந்தன. பழக்கத்தில் எண்ணிவிட்டாள். ஓர் இரவுகூடத் தவறவில்லை. அவர் போன பிறகுதான் அழுதாள்.

ஜூன் 9, திங்கள்

எல்லோரையும் ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கொட்டித் தீர்க்கச் சொல்லலாம் என்றார் துறையில் ஒருவர். அப்படிக் கட்டாயப்படுத்தும் ஒற்றை அமர்வு பயன் தராது, சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்பது பழைய செய்தி. மறுத்தேன். நடந்ததை ஆராயும் கூட்டம் தனியாக, பிறகு.

மாலையில் கேன்டீன். 1988-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பதிலளித்த மனநல மருத்துவர்களில் 51 விழுக்காட்டினர் நோயாளி ஒருவரை இப்படிப் பறிகொடுத்தவர்கள் என்றேன். தலையாட்டினாள். புள்ளிவிவரம் யாரைத் தேற்றியிருக்கிறது? என் கதையைச் சொன்னேன்: பிஜி காலத்தில் பன்னிரண்டு பேர் முன்னால் நிறுத்தி "எதைக் கோட்டைவிட்டாய்?" என்று கேட்டார்கள். அதன்பின் சோர்வு என்று வந்தவர்களையெல்லாம் வார்டில் சேர்த்தேன்.

"எத்தனை மாதம், சார்?"

ஆறு.

ஜூன் 19, வியாழன்

ஓபியில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்கிறேன். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்கிறாள். எல்லோருக்கும் ஒரு வார மாத்திரைதான். இன்று இருவருக்கு அது சரி. மூன்றாமவர் இரண்டு பஸ் மாறி வரும் கிழவி. பல ஆண்டுகளாக நலமாக இருப்பவர். மருந்துச் சீட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு மாதம் என்று திருத்தினாள்.