68 குதிரைத்திறனுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

டொயோட்டாவின் 1கேஆர்-எஃப்இ என்னும் மூன்று சிலிண்டர் பெட்ரோல் என்ஜினின் விவரப் பட்டியலைப் புரட்டுபவருக்கு அதில் வியக்க ஒன்றும் இருக்காது. கொள்ளளவு 998 சிசி. போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 71 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம், 84 மில்லிமீட்டர். அமுக்க விகிதம் 10.5; நிமிடத்துக்கு 6000 சுழற்சியில் 68 குதிரைத்திறன்; 3600 சுழற்சியில் 93 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. டைஹாட்சு நிறுவனம் வடிவமைத்த இந்த என்ஜின், செக் நாட்டின் கோலின் நகரில் ஒரே ஆலையில் தயாரான டொயோட்டா அய்கோ, சிட்ரோயன் சி1, பெஜோ 107 ஆகிய மூன்று சிறு கார்களில் 2005-இல் பொருத்தப்பட்டது. உழைப்புக்குப் பெயர் வாங்கிய சிறிய பெட்ரோல் என்ஜின்கள் எவை என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது இதைத்தான். அதற்கான காரணங்களில் பெரும்பாலானவை அந்தச் சாதாரணப் பட்டியலிலேயே இருக்கின்றன. ஆனால் எல்லோரும் முதலில் பார்க்கும் குதிரைத்திறன் வரியில் இல்லை.

ஓர் என்ஜின் தன் உறுப்புகளை எவ்வளவு வருத்துகிறது என்பதை அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. உச்ச முறுக்கு விசையை நான்கு பையால் (4π) பெருக்கி, கொள்ளளவால் வகுத்தால், பிஸ்டனின் மேல் சராசரியாகச் செயல்படும் அழுத்தம் கிடைக்கும். 1கேஆருக்கு இது ஏறத்தாழ 11.7 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்). கொள்ளளவில் ஏறக்குறைய அதே அளவான ஃபோர்டின் 1.0 ஈக்கோபூஸ்ட் என்னும், காற்றை அமுக்கிச் செலுத்தும் டர்போ என்ஜின், 125 குதிரைத்திறன் வடிவில் 170 நியூட்டன் மீட்டர் தருவதால், இதே கணக்கில் 21.4 பார் வருகிறது. பிஸ்டன் வளையங்கள், கனெக்டிங் ராடின் பியரிங்குகள், ஹெட் கேஸ்கெட் ஆகிய எல்லாமே கிட்டத்தட்ட இருமடங்குச் சுமையைத் தாங்க வேண்டும். ஃபோர்டின் பொறியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அந்தச் சிறிய என்ஜினுக்கு வலுவான வார்ப்பிரும்பு பிளாக்கையே கொடுத்தார்கள். ஆயினும் ஆயில் கெட்டுப்போனாலும், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான குளிரூட்டி குறைந்தாலும், டர்போ என்ஜின் காட்டும் பொறுமை குறைவாகவே இருக்கும்.

ஸ்ட்ரோக் 84 மில்லிமீட்டர் என்பதால், 6000 சுழற்சியில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16.8 மீட்டர். அன்றாட ஓட்டத்தில் என்ஜின் பெரும்பாலும் 3000-க்குக் கீழேயே சுற்றுவதால் அந்த வேகமும் பாதியாகி, சிலிண்டர் சுவரின் தேய்மானம் மெதுவாகவே நடக்கிறது. பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படாமல், உட்செல்லும் வால்வுகளுக்கு முன்பே தெளிக்கப்படுவதும் இங்கே ஒரு நன்மை. அந்தத் தெளிப்பே வால்வின் முதுகைக் கழுவிவிடுவதால், நேரடி பீய்ச்சல் என்ஜின்களில் படிகிற கரி இதில் தொல்லையாவதில்லை.

பட்டியலில் பலர் தாண்டிச் செல்லும் வரி ஒன்று உண்டு: வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைச் சுழற்றுவது செயினா, பெல்ட்டா என்பது. 1கேஆரில் இருப்பது செயின். இந்த வரியின் எடையை உணர, 2014-இல் வந்த பெஜோ 108-ஐப் பார்க்க வேண்டும். அந்தக் காரை இரண்டு என்ஜின்களில் ஒன்றுடன் வாங்க முடிந்தது: பழைய 1கேஆரின் அடுத்த வடிவம் ஒன்று, பெஜோவின் சொந்தத் தயாரிப்பான 1.2 லிட்டர், 82 குதிரைத்திறன் ப்யூர்டெக் மற்றொன்று. இரண்டும் மூன்று சிலிண்டர், இரண்டிலும் டர்போ கிடையாது. காட்சியகத்தில் நிற்கும் யாரும் 82-ஐயே விரும்பியிருப்பார்கள். ஆனால் ப்யூர்டெக்கின் டைமிங் பெல்ட், என்ஜினுக்குள் ஆயிலில் நனைந்தபடியே ஓடும்படி அமைக்கப்பட்டது. உராய்வும் ஓசையும் குறையும் என்பது அதற்கான நியாயம். நடந்தது வேறு. எரியாத பெட்ரோல் கலந்த ஆயிலில் ஊறிய பெல்ட் உப்பி, விளிம்பில் உதிரத் தொடங்கியது. உதிர்ந்த துகள்கள் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைத்தன. ஆயில் அழுத்தம் விழுந்தது. பல கார்களில் பிரேக்குக்கு வெற்றிடம் தரும் பம்பும் பாதிக்கப்பட்டது. இறுதியில் பெஜோவின் தாய்க் குழுமமான ஸ்டெல்லாண்டிஸ் ஐரோப்பாவில் இந்தப் பெல்ட் கோளாறுக்கான உத்தரவாதத்தைப் பத்து ஆண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை நீட்டித்தது. என்ஜினின் பிந்தைய தலைமுறை செயினுக்கு மாறியது. ஒரே காரில், ஒரே விற்பனைக் கூடத்தில், நம்பகமான அமைப்பும் நம்பகமற்ற அமைப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கின்றன. பதினான்கு குதிரைத்திறன் வேறுபாட்டில் அதைப் பற்றிய சிறு குறிப்புக்கூட இல்லை.

செயின் என்றதும் ஆயுளுக்கும் கவலையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஊசி தேயத் தேய, மொத்த நீளம் கூடி, வால்வுகள் திறக்கும் நேரம் பின்தள்ளிப் போகிறது. அந்தத் தேய்மானத்தைத் தீர்மானிப்பது ஆயிலின் தூய்மை. இங்கேதான் சிறிய என்ஜினுக்கே உரிய ஒரு பலவீனம் வருகிறது: 1கேஆரில் ஆயிலின் மொத்த அளவு மூன்று லிட்டரை ஒட்டித்தான். பெரிய என்ஜினில் ஐந்து லிட்டரில் கரைந்து நீர்த்துப்போகும் அழுக்கும் பெட்ரோலும் இங்கே மூன்று லிட்டரில் சேர்கின்றன. அதிலும் என்ஜின் சூடேறுவதற்குள் முடிந்துவிடும் குறும்பயணங்களில் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேற வாய்ப்பே இல்லை. சிறிய கார்கள் பெரும்பாலும் அப்படித்தான் ஓடுகின்றன என்பதால், கையேட்டில் கடும் பயன்பாட்டுக்கென்று குறிக்கப்பட்டிருக்கும் குறைந்த ஆயில் மாற்ற இடைவெளியையே இவற்றுக்கான இயல்பான இடைவெளியாகக் கொள்வது என் வழக்கம்.

மூன்று சிலிண்டர்கள் 240 பாகைக்கு ஒருமுறை வெடிப்பதால் மேலும் கீழுமான விசைகள் சமன்பட்டுவிடுகின்றன; ஆனால் முன்பின்னாக ஆட்டும் திருகல் மிஞ்சுகிறது.  ஆகவே கார் நின்று என்ஜின் மட்டும் ஓடும்போது அதிர்வு தெரியும். அதை நோய் என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. அதிர்வு திடீரென்று கூடினால் மட்டும் என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்களைப் பார்க்க வேண்டும்.

குறையே இல்லாத என்ஜின் என்று நான் சொல்லவில்லை. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் வாட்டர் பம்ப் கசிவு பரவலாகக் கேட்கப்பட்ட புகார். கிளட்சும் விரைவில் தேய்வதாகப் பெயர் எடுத்தது. இரண்டுமே என்ஜினைத் திறக்காமல் சரிசெய்யக்கூடியவை, ஆனால் கசிவைக் கவனிக்காமல் ஓட்டினால் அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்துவிடும். பழைய காரை வாங்குபவர், இரவு முழுவதும் நின்று குளிர்ந்த என்ஜினை விற்பவர் முன்கூட்டியே இயக்கி வைக்காதபடி கேட்டுக்கொண்டு, தாமே சாவியைத் திருப்ப வேண்டும். ஆயில் அழுத்தம் ஏறும் அந்த ஓரிரு நொடிக்குப் பிறகும் செயின் பக்கத்திலிருந்து சடசடப்பு தொடர்ந்தால், அந்த என்ஜினுக்கு ஆயில் ஒழுங்காக மாற்றப்படவில்லை என்றே கொள்ளலாம். பிறகு டார்ச்சை அடித்து வாட்டர் பம்பின் அடியில் குளிரூட்டி காய்ந்த கறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலையைப் பேசலாம்.