வெள்ளைக் கோட்டின் மேல் ஐந்து நாள்

வெயில் ஏறிவிட்டால் தார்ச் சாலையில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. சாலையோரம் பூசியிருக்கிறார்களே வெள்ளைக் கோடு, அதில் சூடு கொஞ்சம் குறைவு. வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் எல்லாரும் அந்தக் கோட்டின் மேல் ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள். ஐந்து நாளும் நான் அதிகம் பார்த்தது அந்தக் கோட்டையும், எனக்கு முன்னால் போன பெரியம்மாவின் வெடித்த குதிகாலையும்தான்.

ஆகஸ்ட் 25 அதிகாலை மூன்று மணிக்குத் திருவெறும்பூரிலிருந்து கிளம்பினோம். 29 மாலை மாதா கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணியில் இருக்க வேண்டும். ஏறக்குறைய 140 கிலோமீட்டர். நாற்பது பேர், எல்லாருக்கும் காவி உடை. மாதா சுரூபம், அதாவது சிலை, வைத்த சிறிய சப்பரம் முன்னால். பாத்திரம், அரிசி, பைகள் ஏற்றிய டாடா ஏஸ் பின்னால். பாதிப் பேர் செருப்பில்லாமல். நானும்தான். அது நான் செய்த நேர்த்திக்கடன்.

நேர்த்தி என் மகளுக்காக. நர்சிங் முடித்து ஜெர்மனியில் வேலைக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. போன நாளிலிருந்து அவள் போனின் லொகேஷன் என் போனில் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தாலும் முதலில் அந்த நீலப் புள்ளியைத்தான் பார்ப்பேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறதா, அறையில் இருக்கிறதா? தெரியாத தெருவில் நின்றால் எனக்கு நெஞ்சு அடைக்கும். உடனே கூப்பிடுவேன். போன மாதம் ஒரு நாள் அவள் எதுவும் சொல்லாமல் அதை நிறுத்திவிட்டாள். மூன்று நாள் சாப்பிட முடியாமல் கிடந்தேன். வீட்டுக்காரர்தான் சொன்னார், "ஜெபமாலை சொல்றே, அப்புறம் மாதாகிட்ட குடுத்ததைத் திரும்பப் பிடுங்கி வெச்சுக்கிறே" என்று. கோபம் வந்தது. ஆனால் அந்த வார்த்தைதான் என்னை இந்த நடைக்குக் கிளப்பியது.

முதல் நாள் வல்லத்துக்கு முன்பே பாதத்தில் கொப்புளம். பெரியம்மா ஊசியில் நூல் கோத்து, கொப்புளத்தின் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்து, நூலை அப்படியே உள்ளே விட்டு இரண்டு முனையையும் வெட்டினார். நூல் வழியாக நீர் கசிந்து காலைக்குள் வற்றிவிட்டது. அதன் மேல் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். பெரியம்மா எனக்கு உறவில்லை. குழுவில் எல்லாருக்கும் அவர் பெரியம்மா, வயது எழுபதுக்கு மேல். கொரோனா வருஷம் தவிர இருபது வருஷத்துக்கு மேலாக நடக்கிறார். மடியில் ஊசி, நூல், ஒரு பொட்டலம் உப்பு, ஜெபமாலை. அவ்வளவுதான் அவர் சாமான்.

நான் அவரிடம் ஓயாமல் கேட்டுக்கொண்டே வந்தேன். மதியம் எங்கே தங்குவோம்? ராத்திரி மண்டபமா, பள்ளிக்கூடமா? கழிப்பறை இருக்குமா? "நாளைக்குத் தங்குறதை நாளைக்குக் கேளு தாயி. இப்ப காலைப் பாத்து வை, கண்ணாடி கெடக்கு" என்றார்.

இரண்டாம் நாள் தஞ்சாவூரைத் தாண்டியதும் ஒரு குடும்பம் சாலையோரம் மேசை போட்டுத் தயிர்சாதப் பொட்டலம் கொடுத்தது. எல்லாரும் ஒன்று வாங்கி அங்கேயே சாப்பிட்டார்கள். நான் இரண்டு கேட்டு வாங்கி, ராத்திரிக்கு ஆகும் என்று ஒன்றைப் பைக்குள் வைத்தேன். சாலியமங்கலம் பக்கம் போய்ப் பிரித்தபோது நுரைத்துப் புளித்துக் கிடந்தது. வாடை என் துணியிலெல்லாம் ஏறியிருந்தது. பெரியம்மா கோபிக்கவில்லை. "மன்னா கதை படிச்சிருக்கேல்ல?" என்று மட்டும் கேட்டார்.

படித்திருக்கிறேன். பைபிளில் விடுதலைப் பயணம் 16ஆம் அதிகாரம். பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்களுக்குக் கடவுள் விடியலில் மன்னா என்ற உணவை இறக்குவார்; அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுக்கச் சொல்வார். பயந்துபோய் மறுநாளுக்கு வைத்தவர்களுடையது புழுத்து நாறியது. சிறுமியாக இருந்தபோது மறைக்கல்வி வகுப்பில் கேட்டு, பேராசைக்காரர்களைப் பற்றிய கதை என்று நினைத்திருந்தேன். அவர்கள் பேராசைக்காரர்கள் இல்லை. பிள்ளைகுட்டியோடு பாலைநிலத்தில் நின்ற தகப்பன்களும் தாய்களும். நாளைக்கு இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தார்கள். என்னை மாதிரி.

அன்று ராத்திரிக்குச் சொல்லிவைத்திருந்த மண்டபத்தை வேறு நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். மணி எட்டரை. நாற்பது பேர் சாலையில் நிற்கிறோம், நாலைந்து குழந்தைகள் வேறு. என் மனசு ஓடிய ஓட்டத்தைச் சொல்ல முடியாது. குழுத் தலைவர் அண்ணன் சப்பரத்தை இறக்கி வைத்து, "ஒரு ஜெபமாலை சொல்லிட்டிருங்க, பாத்துட்டு வர்றேன்" என்று போனார். ஜெபமாலையின் ஐந்து மறைபொருளில் நான்காவது முடியுமுன் வந்துவிட்டார். பக்கத்து அரிசி ஆலைக்காரர், இஸ்லாமியர், நெல் காயவைக்கும் களத்தைத் திறந்துவிட்டார். பகல் சூடு இறங்காத சிமெண்டுத் தரை. வலித்த முதுகுக்கு ஒத்தடம் கொடுத்த மாதிரி இருந்தது. அவர் வீட்டுப் பெண்கள் குழந்தைகளுக்குப் பால் காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். அண்ணன் போய்க் கேட்டதால்தான் களம் கிடைத்தது. கை கட்டி உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் போகும்போது அவர் முகத்தில் பதற்றம் இல்லை. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் நீடாமங்கலம். அந்த ஊர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ளாதவர்கள் டெல்டாவில் குறைவு. மன்னார்குடிப் பாதை பிரியும் இடம் என்பதால் அடைத்தால் சீக்கிரம் திறப்பதில்லை. இரண்டு பக்கமும் லாரி, பஸ் வரிசை. மழைக்கு முன் கொரடாச்சேரி போய்விட வேண்டும் என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள் சாலையோரத்தில் வட்டமாக உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மட்டும் நின்றுகொண்டு தண்டவாளத்தையே பார்த்தேன். நான் பார்த்ததால் ரயில் முன்னால் வரவில்லை. கால் கடுத்து உட்கார்ந்தபோது, பக்கத்தில் இருந்தவர் பேசாமல் நகர்ந்து இடம் விட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எதையும் கேட்காமல் ஜெபித்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. கொரடாச்சேரி போய்ச் சேர்ந்தபோது பை முழுக்கத் தண்ணீர், போன் அணைந்துபோனது. மகள் நம்பர் மனப்பாடம் இல்லை. அண்ணன் போனில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "பேசிட்டேன், நல்லா இருக்கா. நீ நட" என்றார். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. கை தானாகத் தலைமாட்டைத் துழாவியது. போன் இல்லை. கூரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. என் பிள்ளையை ஏழு மாதமாகக் காப்பாற்றியது நான் பார்த்த புள்ளி இல்லை என்று அந்த இருட்டில் எனக்குப் புரிந்தது. அழுதேன். பெரியம்மா விழித்துத்தான் இருந்தார். முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே தன் கதையைச் சொன்னார்.

அவர் தங்கை வேளாங்கண்ணிக் கடற்கரையில் மெழுகுதிரிக் கடை வைத்திருந்தவர். 2004 டிசம்பர் 26 காலை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கடல் உள்ளே வந்தது. கோயிலுக்கு வந்திருந்த எத்தனையோ பேரோடு அவரும் போய்விட்டார். "மாதா காலடியில இருந்தவளை ஏன் எடுத்தேன்னு கேட்டேன் தாயி. இன்னிக்கு வரைக்கும் பதில் வரல. ஆனா மறு வருஷம் ஆகஸ்ட்ல காலு தானா கெளம்பிருச்சு. மாதாகிட்ட சண்ட போடவாச்சும் போகணும்ல."

நான் பதில் சொல்லவில்லை. நம்பினால் ஒரு கெடுதலும் வராது என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். பெரியம்மாவின் நம்பிக்கை அப்படிப்பட்டது இல்லை. அது என்னுடையதைவிடப் பெரியது.

நான்காம் நாள் திருவாரூர் தாண்டி, கீழ்வேளூரில் தங்கல். சாலையின் இரு பக்கமும் வயலில் தண்ணீர் நின்றது. வழியெல்லாம் மோர்ப் பந்தல். வேளாங்கண்ணிப் பாதையில் மோர் குடிக்கும்போது வேளாங்கண்ணியில் இருக்கும் நடுத்திட்டு என்ற இடம் நினைவு வராமல் இருக்காது. அங்கே மோர் விற்ற கால் ஊனமான பையனிடம் மாதா தன் குழந்தைக்கு மோர் கேட்டார் என்பது எங்கள் மரபு. கேட்டது மாதா. கொடுத்தது அந்த ஏழைப் பிள்ளை.

ஐந்தாம் நாள் சிக்கல், நாகப்பட்டினம் கடந்து தெற்கே திரும்பினோம். வெள்ளைக் கோபுரம் கண்ணில் பட்டதும் முன்னால் போனவர்கள் "மரியே வாழ்க" என்று சத்தம் போட்டார்கள். பெரியம்மா சாலையிலேயே குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோயிலில் பீடத்தைச் சுற்றிப் பதித்திருக்கும் பீங்கான் தட்டுகளை இந்தமுறை நின்று பார்த்தேன். 17ஆம் நூற்றாண்டில் புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகள் கரை சேர்ந்த நன்றிக்குக் கொண்டுவந்து வைத்தவை என்பார்கள். அவர்கள் சேர வேண்டும் என்று கிளம்பிய கரை இலங்கை. வந்து ஒதுங்கியது இங்கே, மாதா பிறந்தநாளான செப்டம்பர் 8 அன்று.

மாதா முன்னால் நின்றபோது, கேட்க வேண்டும் என்று ஊரிலிருந்தே சேர்த்துவைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. நிரந்தர வேலை, நல்ல வரன், இரண்டு வருஷத்தில் ஊருக்கு வந்துவிட வேண்டும், எல்லாமே இருந்தது. "எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்" என்று மட்டும் சொன்னேன். பிறகு மாதாகுளம் வரை மணலில் முழங்காலில் போனேன். பெரியம்மா பக்கத்தில் நடந்து வந்தார்.

கொடியேறி முடிந்து கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் போனுக்கு மகள் கூப்பிட்டாள். அப்பாவிடம் நம்பர் வாங்கியிருக்கிறாள். "அம்மா, கால் எப்படி இருக்கு? பயந்துட்டியா? லொகேஷனை ஆன் பண்ணி வெக்கட்டுமா?"

"வேணாம்மா. நீ சாப்பிட்டியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவளாகவே பேச ஆரம்பித்தாள். வார்டில் ஒரு பாட்டி இவள் கையைப் பிடித்துக்கொண்டேதான் தூங்குகிறாராம். கடையில் புளி கிடைக்கவில்லை. எலுமிச்சை பிழிந்து வத்தக்குழம்பு வைத்தாளாம், கசந்துவிட்டதாம், இருந்தாலும் கூட இருக்கும் கேரளப் பெண்ணும் இவளும் அதையே ஊற்றிச் சாப்பிட்டார்களாம். இருபது நிமிடம். நான் ஒன்றும் கேட்கவில்லை, ம் கொட்டிக்கொண்டிருந்தேன்.