பன்றிக்கும் களவாணிக்கும் ஒரே துவக்கா? கந்தப்பளை நாட்குறிப்பு

2025 ஜனவரி 19, ஞாயிறு

நுவரெலியாப் பக்கத்தில் இந்தக் கந்தப்பளையில் இரவு மறுபடியும் பன்றி இறங்கிவிட்டது. மேல் பாத்தியில் உருளைக்கிழங்கு நின்ற இடம் ஏர் உழுத மாதிரிக் கிடக்கிறது. உறைபனியில் கருகியது போக மிஞ்சியதுதான் அது. பைனஸ் காட்டுப் பக்கத்து வேலியை மூக்கால் தூக்கிவிட்டு, குட்டிகளோடு வந்து, விடியும்வரை நின்று தின்றுவிட்டுப் போயிருக்கின்றன. காவல் குடிசையில் படுக்கும் காவல்காரர் (மாமா என்றுதான் கூப்பிடுவோம்) டின் தட்டினாராம், பட்டாசும் கொளுத்தினாராம். "அதுங்களுக்கு நம்ம சத்தமெல்லாம் பழகிப்போச்சும்மா. நாம தட்டத் தட்ட அதுங்க பாட்டுக்குத் தின்னுக்கிட்டு நிக்குதுங்க" என்றார்.

போன வாரம் கீழ் றோட்டில் ஒரு வீட்டில் தண்ணி மோட்டரும் கேஸ் சிலிண்டரும் களவு போயின. இரண்டு கதையையும் சேர்த்துக் கேட்ட தம்பி ரொறன்ரோவிலிருந்து உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "அக்கா, ஒரு பம்ப் அக்‌ஷன் துவக்கு எடுத்துருங்க. பன்னிக்கும் அதான், களவாணிக்கும் அதான். கொழும்புப் பக்கம் போனா தட்டும் சுடலாம்." அவன் அங்கே சனிக்கிழமைகளில், ஆகாயத்தில் எறிந்து விடும் தட்டைச் சுடும் விளையாட்டுக்குப் போகிறவன். துவக்கு, அதாவது துப்பாக்கி பற்றிப் பேச ஆரம்பித்தால் போனை வைக்க மாட்டான்.

அப்பா இருந்தபோது வீட்டில் ஒரு இரட்டைக்குழல் இருந்தது. அவர் போன பிறகு பொலிஸில் ஒப்படைத்தோம், இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் புதுசு வாங்கச் சொல்கிறான் பாருங்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

மூன்று ராத்திரி பன்றி வரவில்லை. அந்த நேரத்தில் தம்பி அனுப்பிய வீடியோக்களைப் பார்த்து முடித்தேன். அவன் இரண்டு பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறான்: ரெமிங்டன் 870, மொஸ்பேர்க் 500. முன்னது 1950இல் வந்தது, ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. மற்றது அதற்குப் பத்து வருடம் இளையது. வேலை செய்யும் முறை இரண்டிலும் ஒன்றுதான். குழலுக்குக் கீழே இன்னொரு குழாய், தோட்டாக்கள் அதில் வரிசையாகப் படுத்திருக்கும். முன்பிடியைப் பின்னால் இழுத்தால் சுட்ட உறை வெளியே விழும், முன்னால் தள்ளினால் அடுத்தது மேலேறி அறைக்குள் போகும். எல்லாம் கைப்பலம்தான். அதனால் பலமான தோட்டா, பலம் குறைந்த தோட்டா என்று பார்க்காமல் எதையும் போடலாம். தானாகத் திணிக்கும் வகைகள் சில, லேசான தோட்டாவுக்கு முரண்டு பிடிக்கும்.

870இன் உடல் உருக்கு, 500இன் உடல் அலுமினியக் கலவை. இந்த ஈரத்தில் அது எனக்குப் பெரிய விஷயம். நுவரெலியாப் பக்கத்தில் கதவுக் கீலுக்குக்கூட மாதம் ஒருதடவை எண்ணெய் விட வேண்டும். ஆனால் எது உடலானாலும் குழல் உருக்குத்தான், அது துருப்பிடிக்கும். இன்னொன்றும் இருக்கிறது. 870இல் தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு, விசைக்குப் பின்னால் குறுக்காகத் தள்ளும் பொத்தான். வலது கைக்காரரின் ஆட்காட்டி விரலுக்கு ஏற்ற இடம். 500இல் அது மேலே, பெருவிரலுக்கு நேராக. நான் இடதுகைக்காரி. ஆகவே தம்பியின் மனதுக்குப் பிடித்த 870, முதல் சுற்றிலேயே எனக்குச் சரிப்படவில்லை.

அவனுக்கு இது சொல்லி விளங்காது. ஆனால் ஊருக்கு ஊர் சட்டம் இதற்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கனடாவில் லைசன் எடுத்தவர் இதைச் சாதாரண வகையாக வாங்கலாம். அவுஸ்திரேலியாவில் 1996 போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு பம்ப் அக்‌ஷனைப் பெரும்பாலானோருக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டார்கள். பிரித்தானியாவில் சாதாரணச் சான்றிதழோடு வைத்திருக்க வேண்டுமானால் குழாயில் இரண்டு தோட்டாவுக்கு மேல் இடம் இருக்கக்கூடாது. ரொறன்ரோவில் இருந்துகொண்டு கந்தப்பளைக்குத் துவக்குத் தெரிவு செய்ய முடியாது என்று எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

பெப்ரவரி 3, திங்கள்

கச்சேரிக்கு, அதுதான் மாவட்டச் செயலகத்துக்குப் போய்வந்தேன். பாதி நாள் போனது, ஆனால் வேலை நடந்தது. விஷயம் தெரிந்த ஒரு எழுதுவினைஞர் மேசையில் இருந்தார்.

பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் மாவட்டச் செயலகம், அது சாதாரண பன்னிரண்டு துவார (12 போர்) அளவுத் துவக்கு. தற்பாதுகாப்புக்கு என்றாலோ, ரிப்பீட்டர் (ஒருமுறை நிரப்பிப் பல முறை சுடுவது) என்றாலோ கொழும்பில் பாதுகாப்பு அமைச்சு. பம்ப் அக்‌ஷன் ரிப்பீட்டர் கணக்கில்தான் வரும். "மிஸ், போன நவம்பர்ல தற்பாதுகாப்புக்குக் குடுத்ததையெல்லாம் மீளாய்வுக்குன்னு ஒப்படைக்கச் சொன்னாங்க. இந்த நேரத்துல மோட்டர் களவு போச்சுன்னு எழுதிக் குடுத்தா யாரு பார்ப்பா?" என்று சிரித்தார். நியாயமான கேள்வி.

பயிருக்கு என்றால் காணி உறுதி, கிராம சேவகர் கடிதம், கமநல சேவை நிலையத்து அறிக்கை, பொலிஸ் அறிக்கை, மருத்துவச் சான்று. கிடைத்தாலும் டிசெம்பர் 31 வரைதான், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். இன்றைக்கும் நடப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம்தான், திருத்தங்களோடு.

காணி உறுதி என்று அவர் சொன்னதும் எனக்கு மாமாவின் ஞாபகம் வந்தது. லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் அவரும் கரட்டும் போஞ்சியும் போட்டிருக்கிறார். அதையும் அதே பன்றிதான் தின்கிறது. ஆனால் நிலம் தோட்டத்துடையது, அவர் பெயரில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. அவருக்கு எந்தக் காலத்திலும் பயிர்த் துவக்கு கிடைக்காது. தோட்டப்புறத்தில் சுருக்குக் கம்பி ஏன் இவ்வளவு என்று பத்திரிகைகள் கேட்கின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் கருஞ்சிறுத்தை மாட்டியதும் அப்படி ஒரு கம்பியில்தான். உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. கம்பி கட்டுவதை நான் சரி என்று சொல்ல வரவில்லை. எங்கள் நிலத்தில் அதைக் கட்ட விட்டதுமில்லை. ஆனால் காணி இல்லாதவனுக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் வழி டின் தட்டுவது மட்டும்தான்.

பெப்ரவரி 7, வெள்ளி

பொலிஸ் நிலையத்தில் அப்பாவின் துவக்கைப் பார்த்தேன். அடையாளம் எழுதப்பட்ட மட்டைத் துண்டு விசைக் காவலில் நூலால் தொங்கியது. பொறுப்பான சார்ஜன்ட் நல்ல மனிதர். மேசையில் பத்திரிகை விரித்து, மடித்துத் திறந்து, குழல்களைத் தனியே கழற்றி வைத்தார்.

குழல்களின் அடிப்பக்கம், மரத்துக்குள் மறைந்திருக்கும் தட்டையான இடம், அதைத்தான் பார்க்க வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தான். துணியால் துடைத்து, போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தோம். கிரீடம் போட்ட பேர்மிங்ஹாம் சோதனை முத்திரைகள், அதற்குப் பக்கத்தில் சின்னதாக 2½. அப்பா எத்தனையோ தரம் எண்ணெய் போட்ட இடம், நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அந்த 2½ தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அது தோட்டா அறையின் நீளம், அங்குலத்தில். நமக்குத் தெரிந்த அளவில் 65 மில்லிமீற்றர். இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 70 மில்லிமீற்றர் தோட்டா. அந்த நீளம் சுட்ட பிறகு விரிந்த உறையின் நீளம். சுடுமுன் வாய் மடிந்திருப்பதால் சின்ன அறைக்குள்ளும் தாராளமாகப் போய் உட்கார்ந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுடும்போது மடிப்பு விரிய இடம் இல்லாமல் குழலின் குறுகலுக்குள் போய் நெரிக்கும், அழுத்தம் ஏறும். பழைய குழலுக்கு அது ஆபத்து. பழைய ஆங்கிலத் துவக்கு வீட்டில் உள்ளவர்கள் இதைத் தயவுசெய்து பாருங்கள்.

பெப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். வேலைக்கு யாரும் இல்லை. கோயிலில் மாமா எல்லோரிடமும் "அம்மா துவக்கு எடுக்கப் போறாங்க" என்று சொல்லி வைத்திருக்கிறார். களவாணிக்கு விளம்பரம் போதும்.

பெப்ரவரி 22, சனி

கொழும்புப் பக்கத்தில் ஒரு சுடுதல் கழகம். தம்பியின் பழைய கூட்டாளி அங்கத்தவர், அவர் மூலம் பயிற்றுநரின் மேற்பார்வையில் சுட்டுப் பார்த்தேன். பயிற்றுநர் இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பேச்சு பாதி சிங்களம், பாதி இங்கிலிஷ்.

முதலில் பம்ப். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். பின்கட்டை எனக்கு நீளம். வழமையான அளவு 14 அங்குலத்துக்குக் கிட்ட, என் கைக்கு 13 போதும். தோளில் வைக்கக் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. மொஸ்பேர்க்கில் சிறிய உடம்புக்காரருக்கென்று பன்டம் என்ற குட்டை வகை இருக்கிறது, அங்கே அது இருக்கவில்லை. இடது தோளில் வைத்துச் சுட்டால் காலி உறை கண்ணுக்கு முன்னால் குறுக்கே பறக்கிறது. தாண்டிவிடலாம், பழக்கம்தான். கீழ்ப்பக்கமாக உறையைத் தள்ளும் இதாக்கா 37 என்ற ஒரு பழைய வகை இடதுகைக்காரருக்குத் தோது என்று பயிற்றுநர் சொன்னார். இங்கே எங்கே தேடுவது?

எனக்குப் பக்கத்தில் நின்ற பையன் முதல் தட்டை உடைத்துவிட்டான். அவசரத்தில் முன்பிடியைப் பாதி இழுத்து, பாதியிலேயே தள்ளினான். விசையை அழுத்த ஒன்றும் நடக்கவில்லை. என்னவென்று பார்க்கத் துவக்கைத் திருப்பப் போனான். பயிற்றுநர் இரண்டே எட்டில் வந்து, உள்ளங்கையைக் குழலின் மேல் வைத்து மண்ணைப் பார்க்க அமுக்கினார். குரல் உயரவில்லை. "முழுசா இழு, முழுசா தள்ளு. பயம் வந்தா எல்லாரும் பாதிதான் இழுப்பாங்க." விடிகாலை மூன்று மணிக்கு, பாதித் தூக்கத்தில், கை நடுங்க நான் எவ்வளவு இழுப்பேன் என்று அங்கேயே யோசித்தேன்.

பிறகு மேலும் கீழுமாகக் குழல் அடுக்கிய இரட்டைக்குழல். ஒலிம்பிக்கில் தட்டு சுடுகிறவர்கள் பிடிப்பது அதைத்தான். ரவை எவ்வளவு விரியும் என்பதைத் தீர்மானிக்கும் வாய் இறுக்கத்தை இரண்டு குழலுக்கும் வேறு வேறாக வைக்கலாம், கிட்ட வருவதற்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று. மடித்தால் இரண்டு குழலும் வெறுமை என்று நாலு பேருக்கும் தெரியும். வலது இடது என்ற பேச்சே இல்லை. எனக்குப் பிடித்துவிட்டது. 110 மில்லிமீற்றர் செம்மஞ்சள் தட்டு ஒன்று ஆகாயத்தில் தூளாகிப்போனதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பம்பைக் குறை சொல்ல வரவில்லை. விலை குறைவு, உழைப்பு அதிகம், குழலை மாற்றிப் போட்டால் தட்டுக்கு 28 அங்குலம், காவலுக்கு 18 அங்குலம் என்று ஒன்றே இரண்டாகும். பழகிய கைக்கு அது நல்ல சாமான்.

பெப்ரவரி 24, திங்கள்

இன்று வீட்டைச் சுற்றி நடந்தேன், களவாணி வந்தால் எங்கே நிற்பான், நான் எங்கே நிற்பேன் என்று.

முன் சுவர் கருங்கல். உள்ளே அறைக்கும் அறைக்கும் நடுவில் பலகை. பின் கதவைத் திறந்தால் சரிவு, சரிவில் லயம், தகரக் கூரை, மாமாவின் காம்பரா முதலாவது. முன் பக்கம் றோட்டு, காலை ஐந்து மணிக்கே ஆள் நடமாட்டம். பன்றிக்குப் போடும் எஸ்.ஜி. தோட்டாவில் ஒவ்வொரு உருண்டையும் 8.4 மில்லிமீற்றர் ஈயம். பலகை அதற்கு ஒரு தடையே இல்லை. சொட்கன், அதாவது ரவை சிதறும் இந்த வகைத் துவக்கு என்றால் குறி பார்க்கத் தேவையில்லை, அகலமாக அடிக்கும் என்று தம்பி உட்படப் பலர் நம்புகிறார்கள். கஜத்துக்கு ஒரு அங்குலம் விரியும் என்பது பழைய கைக்கணக்கு. ஒரு அறையின் நீளத்துக்கு அது விரித்த கையளவுகூட வராது. தவறினால் அத்தனையும் சுவரைத் தாண்டிப் போகும்.

பம்பை இழுக்கும் சத்தம் கேட்டாலே களவாணி ஓடிவிடுவான் என்பது இன்னொரு கதை. ஓடாதவனுக்கு நான் நிற்கும் இடத்தைச் சொல்லிக் கொடுத்த மாதிரிதான் அது. சட்டமும் கையை அவிழ்த்து விடவில்லை. தண்டனைச் சட்டக்கோவையில் 89 முதல் 99 வரை தற்காப்பு உரிமை இருக்கிறது, ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. தண்ணி மோட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டு அந்தப் பிரிவுகளைக் காட்ட முடியாது.

இந்த வீட்டில் எந்தப் பக்கம் சுட்டாலும் அங்கே யாரோ ஒருவரின் பாய் விரித்திருக்கிறது. ஆகவே வீட்டுக்காவலுக்குத் துவக்கு இல்லை. பின் கதவுக்கு இரும்புக் குறுக்குச் சட்டம், அசைந்தால் எரியும் இரண்டு விளக்கு, இன்னொரு நாய். மேல் பாத்தியில் மட்டும் கதை வேறு. அங்கே பன்றி சரிவில் நிற்கும், பின்னால் மண்மேடு, ரவை போய் நிற்க இடம் உண்டு.

மார்ச் 15, சனி

காலை 8 மணிக்கு ஐந்து நிமிடம் நாடு முழுக்கக் குரங்கு, மயில், மர அணில் எண்ணச் சொன்னது அரசாங்கம். நானும் தாளோடு நின்றேன். கடமையுணர்ச்சி இல்லாத குரங்குகள், எட்டரைக்குத்தான் வந்தன. பன்றி அந்தக் கணக்கிலேயே இல்லை. இரவில் வருகிறவற்றை யார் எண்ணுவது?

மரை மானும் இறங்குகிறது, லீக்ஸைத் தின்கிறது. அது பாதுகாக்கப்பட்ட மிருகம், சுட முடியாது, சுடவும் மனம் வராது. இருட்டில் கண்கள் மின்னியதும் சுடுகிற ஆளிடம் துவக்கைக் கொடுக்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம் போதும். மாமா கேட்டார், "ராத்திரியில நான் வச்சுக்கிறேம்மா." லைசன் யார் பெயரிலோ அவர்தான் தொட வேண்டும் மாமா என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கியது.

மார்ச் 18, செவ்வாய்

விண்ணப்பம் நிரப்பியாயிற்று. பயிர்ப் பாதுகாப்பு, இரட்டைக்குழல், 70 மில்லிமீற்றர் அறை, பின்கட்டை 13 அங்குலத்துக்கு வெட்டித் தருவதாக ஒரு கடைக்காரர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அப்பாவின் துவக்கை என் பெயருக்கு மாற்றவில்லை. அதற்கேற்ற தோட்டா தேடி அலையவும் முடியாது, எனக்குப் பிறகு பிள்ளைகள் 70ஐப் போட்டுப் பார்க்க மாட்டார்கள் என்று நம்பவும் முடியாது. அரசாங்கத்துக்கே விட்டுக்கொடுப்பதாகக் கடிதம் எழுதினேன்.

தம்பிக்குச் சொன்னதும் வந்தது கோபம். "அது அப்பாவோட சாமான், அக்கா." தெரியும்டா. நீ வந்து லைசன் எடுத்து வைத்துக்கொள்ளேன் என்றேன். பிறகு அவனே, கழகத்தில் சேரச் சொல்லி, தட்டுச் சுடுவதற்குக் காது மூடியும் கண்ணாடியும் அனுப்புவதாகச் சொன்னான். பம்ப் ஆசை இன்னும் விடவில்லை, கழகத்துப் பம்பில் பழகச் சொல்கிறான். பழகலாம், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

மருத்துவச் சான்று மட்டும் பாக்கி. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் கண்ணும் பார்ப்பார்களாம், மூக்குக் கண்ணாடியை மறக்காமல் கொண்டுபோக வேண்டும். அதற்குள் மேல் வேலிக்குச் சூரிய மின்வேலிக்காரர் விலை சொல்லி அனுப்புவார்.