முதலில் ஆள், அப்புறம்தான் பந்து

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சாயங்காலம் எந்தக் கால்பந்து மைதானத்தில் போய் நின்றாலும் கேட்கிற சத்தம் "அடிச்சு விடுடா!" எதிராளி நெருங்கியதும் பத்து வயதுப் பிள்ளை பதறிப்போய்ப் பந்தைக் கண்மாய்க்கரை வரைக்கும் உதைத்துவிடும். அதே இடத்தில் இரண்டு மூன்று விநாடி பந்தை உடம்பால் மறைத்து வைத்திருந்தால், கூட ஆடுகிற ஒருவன் பக்கத்தில் வந்து சேர்ந்திருப்பான். ஷீல்டிங் என்பது அந்த இரண்டு மூன்று விநாடியைச் சம்பாதிக்கிற வேலை. பலசாலிப் பையன்களுக்குத்தான் இது வரும் என்று ஒல்லிப் பிள்ளைகளை ஒதுக்கி வைப்பது அநியாயம். இதில் முக்கால்வாசி, காலை எங்கே வைக்கிறோம் என்பதுதான்.

சொல்லிக்கொடுக்காவிட்டால் எல்லாப் பிள்ளையும் முழு முதுகையும் காட்டித்தான் நிற்கும். பார்க்கப் பத்திரமாகத் தெரியும். ஆனால் எதிராளி கால் இடுக்கு வழியாகவே பந்தைக் குத்தி எடுத்துவிடுவான். அவன் எந்தப் பக்கம் சுற்றி வருகிறான் என்பதும் தெரியாது. பக்கவாட்டில் நிற்க வையுங்கள். எதிராளி இடப்பக்கம் இருந்தால் இடது தோள் அவனை நோக்கி, பந்து வலது காலில், அந்தக் காலுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி. இரண்டு பாதங்களுக்கும் நடுவில் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி. இப்படி நின்றாலே பந்துக்கு வர அவன் ஒன்றரை முழம் எட்ட வேண்டியிருக்கும். முழங்கால் மடங்கி, இடுப்பு அவன் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கிற பிள்ளையை லேசாக இடித்தாலே தள்ளாடிவிடும்.

அடுத்த தப்பு, எதிராளி மேல் முழுப் பாரத்தையும் சாய்ப்பது. அவன் சட்டென்று விலகினால் நம் பிள்ளை மல்லாந்து விழும். தோள் அவனைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். பாரம் தன் இரண்டு காலிலும்தான் இருக்க வேண்டும்.

கை விஷயத்தில் நம்மூர்ப் பிள்ளைகளிடம் கூடுதல் கவனம் வேண்டும். கபடி ஆடிப் பழகிய கை தானாகப் போய்ப் பனியனைப் பிடிக்கும். அது ஃபவுல், எதிரணிக்கு நேரடி ஃப்ரீ கிக். எதிராளி பக்கத்துக் கையை முழங்கையில் மடக்கி, தோளுக்குக் கீழே, விரல்களைத் தளர்த்தி வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கை தள்ளுவதற்கு இல்லை, தடவிப் பார்ப்பதற்கு. கண் பந்தில் இருக்கும்போது அவன் எந்தப் பக்கம் நகர்கிறான் என்பதைக் கைதான் சொல்லும்.

கால்பந்தில் ஃபவுல்களைச் சொல்கிற 12ஆம் விதியையும் பிள்ளைகளுக்கு விளக்கிவிடுங்கள். பந்து காலெட்டும் தூரத்தில் இருக்கும்வரை ஆளுக்கும் பந்துக்கும் நடுவே நிற்பது குற்றமில்லை. அதேபோல, அவன் நியாயமாகத் தோளோடு தோள் மோதுவதும் குற்றமில்லை. இது தெரியாத பிள்ளை இடி வாங்கியதும் கையைத் தூக்கி ரெஃபரியைப் பார்க்கும். அதற்குள் பந்து போயிருக்கும். பந்தைத் தூரமாக ஓடவிட்டுவிட்டு ஆளை மட்டும் மறித்தால் அது ஃபவுல்.

இதெல்லாம் பந்து காலுக்கு வந்த பிறகு தொடங்கினால் தாமதம். பாஸ் உருண்டு வந்துகொண்டிருக்கும்போதே தோளுக்கு மேலாக இரண்டு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும். பார்த்து, எதிராளி பக்கம் அரை அடி எடுத்து வைத்து அவனை முதலில் தொட வேண்டும். பந்து அதற்குப் பிறகு தூரத்துக் காலுக்கு, அதாவது எதிராளியிடமிருந்து தள்ளி இருக்கிற காலுக்கு, வரட்டும்.

நம் செம்மண் சரளைத் தரை இறுகிக் கிடக்கும், பந்து துள்ளும். விதிப்படி காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 அட்மாஸ்ஃபியர் வரை இருக்கலாம். இங்கே கீழ் அளவை ஒட்டி வைத்தால் பந்து காலோடு நிற்கும். 8 முதல் 12 வயது வரை 4ஆம் நம்பர் பந்து போதும். உள்ளங்காலால் பந்தை உருட்டும் வித்தையைச் சரளையில் முதலில் பழக்க வேண்டாம். கல் தட்டிப் பந்து நழுவும், நிற்கிற காலும் வழுக்கும். பாதத்தின் வெளி ஓரத்தால் சின்னச் சின்னத் தட்டு, அது போதும். நீள ஸ்டட் ஷூவும் இந்தத் தரைக்கு ஆகாது. குட்டைக் குமிழ் வைத்த ரப்பர் அடிப்பாகம் நல்லது.

பயிற்சிக்குச் சுண்ணாம்புப் பொடியில் பத்தடிக்குப் பத்தடி கட்டம். ஜோடியை வயதைப் பார்த்துப் பிரிக்காமல் உயரம், எடை பார்த்துப் பிரியுங்கள். முதல் இரண்டு நிமிடம் பந்தே இல்லாமல் தோளோடு தோள் சாய்ந்து நிற்கப் பழகட்டும். அப்புறம் பந்தோடு ஐந்து விநாடி. எதிராளி பாதி வேகத்தில்தான் வர வேண்டும். அது கைவந்தபின் எட்டு விநாடி, முழு வேகம். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் அரை நிமிடம் ஓய்வு. மொத்தம் 15 நிமிடத்துக்கு மேல் போனால் கால் சோர்ந்து பிள்ளைகள் கையைப் பயன்படுத்த ஆரம்பிப்பார்கள். பாதிச் சுற்று கட்டாயம் இடது காலில். இல்லாவிட்டால் வலப்பக்கமிருந்து வருகிற எதிராளிக்குப் பந்து இலவசம்.

கடைசிச் சுற்றில் கட்டத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆளை நிறுத்துங்கள். எதிராளி பொறுமை இழந்து காலை நீட்டுகிற நொடிதான் வெளியேறும் நேரம். கால் நீண்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், தூரத்துக் காலின் வெளி ஓரத்தால் ஒரு தட்டு, உடனே பாஸ். அவன் கால் நீளுமுன்பே திரும்பினால் பந்து நேராக அவனிடம்தான் போகும். அதனால் முதல் வாரம் எதிராளியாக நிற்கிறவனிடமே, "மூணு எண்ணிட்டுக் காலை நீட்டு தம்பி" என்று சொல்லிவையுங்கள்.