படகுகள் கரையேறிய வாரங்களில் எங்கள் வார்டு

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரங்கள் ஆகப்போகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது என்பதால், பழுதுபார்க்க வேண்டிய படகுகள் எல்லாம் மணலில் ஏற்றப்பட்டு, கரை முழுவதும் பெயின்ட் வாசமும் தச்சு வேலைச் சத்தமுமாக இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் உள்ள எங்கள் பேரூராட்சியில் வார்டு உறுப்பினராகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், தடைக்காலம் என்றால் வருமானம் நின்றுபோகும் காலம், நிவாரணத் தொகை எப்போது வரும் என்ற கேள்விக்கு வீடுவீடாகப் பதில் சொல்லும் காலம் என்று மட்டுமே நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. எங்கள் வார்டில் ஆண்களும் பெண்களும் ஒன்றாக ஊரில் இருக்கும் நாட்கள் ஆண்டில் இவை மட்டுமே. ஆகவே, தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும் பொதுவேலைகளை இந்த 61 நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறேன்.

மற்ற மாதங்களில் ஒரு கூட்டம் போடுவதுகூட எளிதன்று. பாக் நீரிணைப் பக்கமான வடகடலில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்ற முறை நீண்ட காலமாக நடைமுறையில் இருக்கிறது. இன்று ஒரு தரப்பினர் கடலில் இருந்தால் நாளை மறுதரப்பினர் இருப்பார்கள். கரை திரும்பியவர்களோ இரவெல்லாம் வலை இழுத்த களைப்பில் உறங்கிக்கொண்டிருப்பார்கள். மார்கழியில் நடத்திய பகுதி சபைக் கூட்டத்துக்கு வந்த ஆண்கள் ஆறு பேர். கடந்த செவ்வாய்க்கிழமை மாலை வலை பின்னும் கூடத்தில் நடந்த கூட்டத்திலோ, உள்ளே இடம் போதாமல் பலர் வெளியே குவித்து வைத்திருந்த வலைகளின் மீது உட்கார்ந்து பேசினார்கள். இருந்தாலும் எல்லோரும் ஊரில் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. கேரளத்தில் தடைக்காலம் ஜூன் மாதத்தில்தான் தொடங்கும் என்பதால், சொந்தப் படகு இல்லாத கூலி மீனவர்களில் பலர் அங்கே படகேறப் போய்விட்டார்கள். அந்த வீடுகளின் சார்பில் பெண்களே வந்து பேசினார்கள்; மிகத் தெளிவாகவும் பேசினார்கள்.

இந்த வாரத்தின் பெரிய வேலை ஊருணி. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு நாம் மறந்துபோன இடம் அது. திருச்சிப் பக்கத்து ஆற்றுப் படுகையில் எடுக்கும் தண்ணீர் அத்தனை தொலைவு குழாயில் வந்து நம் தெருமுனையில் விழுகிறது என்பது பெரிய காரியம். அதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வழியில் எங்கோ ஓரிடத்தில் குழாய் உடைந்தாலும் முதலில் வறண்டுபோவது கடைக்கோடியில் இருக்கும் நம் குழாய்தான். சென்ற வாரம் நான்கு நாள் தண்ணீர் வரவில்லை. எட்டுக் குடங்கள் அடுக்கிய இரும்புத் தள்ளுவண்டியை உச்சி வெயிலில் தள்ளிக்கொண்டு பெண்கள் பக்கத்துத் தெருவுக்கும் அதற்கு அப்பாலும் போனதைப் பார்த்துக்கொண்டு, வருடத்துக்கு ஒருமுறை மழைநீர் நிறைந்து கிடக்க வேண்டிய ஊருணியைக் குப்பைமேடாக விட்டுவைப்பது பெரும் தவறு என்று செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் சொன்னேன். மறுநாள் காலை ஆறு மணிக்கே ஏறத்தாழ முப்பது பேர் மண்வெட்டியுடன் வந்து நின்றார்கள்.

நமது மாவட்டத்துக்கு மழை கிடைப்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான். அந்தச் சில வார மழையைப் பிடித்து வைத்தால்தான் மறு கோடை வரை தாங்கும் என்று அறிந்தே நம் முன்னோர் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள். வெட்டியது மட்டுமன்று, மேட்டுப் பகுதியில் விழும் மழை வழிந்து வந்து சேர வரத்துக்காலும் அமைத்தார்கள். நம் ஊருணியில் கெட்டுப்போனது குளமன்று, வரத்துக்கால்தான். இரு கரையிலும் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டதோடு, தெருக்களின் பிளாஸ்டிக் பைகள் எல்லாம் அதில் வந்து தேங்கியிருந்தன. புதன், வியாழன் இரண்டு நாளும் முள்ளை வெட்டி, வேரைத் தோண்டி எடுத்தோம். வேரை விட்டுவிட்டு மேலே மட்டும் வெட்டினால் அடுத்த மழைக்கே அது இரண்டு மடங்காகத் துளிர்க்கும். வெள்ளிக்கிழமை பேரூராட்சியின் இயந்திரம் வந்து வண்டலை அள்ளியது. அள்ளிய வண்டல் அங்கன்வாடிக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் கொட்டப்பட்டிருக்கிறது. தோட்டம் வைத்திருப்பவர்கள் என்னிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

குப்பை மீண்டும் ஊருணிக்குள் வராமல் தடுப்பது எப்படி என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, முப்பது வருடமாக விசைப்படகு ஓட்டும் ஓர் அண்ணன், கிழிந்துபோன இழுவை வலையின் மடியைக் கொண்டுவந்து வரத்துக்காலின் வாய்க்குக் குறுக்கே கட்டினார். மடி என்பது வலையின் கடைசிப் பை. மீன் எல்லாம் வந்து சேரும் இடம். கிழிந்த இடத்தை நைலான் நூலும் ஊசியும் வைத்து அங்கேயே உட்கார்ந்து அடைத்தார். அடிப்பக்கக் கயிற்றில் ஈயக்குண்டுகளைக் கோத்து, தரையோடு படியும்படி இறக்கினார். “தண்ணி போகும் தாயி, குப்பை நிக்கும். மழைக்கு மழை மடியை அவுத்துக் கொட்டிட்டாப் போதும்” என்றார். மழைக்காலத்தில் யார் யார் அந்த மடியை அவிழ்த்துக் கொட்டுவது என்று தெருவாரியாக ஒரு முறைப்பட்டியலும் அன்றைக்கே எழுதினோம். நான் இரண்டு ஆண்டுகளாக இரும்புச் சல்லடைக்கு மதிப்பீடு போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த வேலை அது.

ஊருணியைப் பற்றிப் பேசும்போது கரையோர ஊற்றுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குழாய் வராத அந்த நான்கு நாளும் பல வீடுகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தவை அவைதாம். வியாழக்கிழமை விடியற்காலையில் நானும் ஒரு பாட்டியுடன் ஊற்றுக்குப் போனேன். இடுப்பளவுப் பள்ளம், அடியில் ஈர மணல். பாட்டி உள்ளே இறங்கிக் குத்தவைத்து உட்கார்ந்து, சிரட்டையை மணலோடு ஒட்டிச் சாய்த்து வைத்து, தண்ணீர் ஊறி வரும்வரை பேசாமல் காத்திருந்து, பிறகு மணல் கலங்காமல் மேலாக மொண்டு குடத்தில் ஊற்றினார். ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் அந்தத் தண்ணீரில் உப்பு இல்லை. மணலுக்குள் இறங்கிய மழைநீர், எடை குறைவாக இருப்பதால், கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. மேலாக மொண்டால் நல்ல தண்ணீர், ஆழத்தில் உறிஞ்சினால் உப்பு. அந்தக் கணக்கை அறிந்த கை அந்தப் பாட்டியின் கை.

ஆனால் சென்ற ஆண்டு ஊற்றுகளுக்கு அருகே ஒரு தனியார் இடத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு, இரவும் பகலும் மோட்டார் ஓட்டியதில் மூன்று ஊற்றுகள் உப்பாகிவிட்டன. உரியவரிடம் நேரில் இரண்டு முறை பேசியிருக்கிறேன், பலன் இல்லை. ஒருவர் தம் நிலத்தில் தண்ணீர் எடுப்பது அவர் விருப்பம் என்று சிலர் என்னிடம் வாதிடுகிறார்கள். நிலம் அவருடையதாக இருக்கலாம். அதற்கு அடியில் மிதக்கும் நல்ல தண்ணீருக்கு வேலி கிடையாது. அடுத்த மன்றக் கூட்டத்தில், ஊற்றுப் பகுதியைச் சுற்றி இனி ஆழ்துளைக் கிணறு கூடாது என்ற தீர்மானத்தை எழுத்து மூலமாக முன்வைக்கிறேன். கையொப்பம் இட விரும்புகிறவர்கள் புதன்கிழமைக்குள் என் வீட்டுக்கு வரலாம்.

தென்கடற்கரையில் விளக்கு எரியவில்லை என்று இந்த வாரம் வந்த புகார்களுக்கு ஒரு விளக்கம். அது பழுதன்று; நான் கேட்டுக்கொண்டதன் பேரில் அணைக்கப்பட்டிருக்கிறது. சித்தாமைகள் என்னும் கடலாமைகள் முட்டையிட்ட இடங்களிலிருந்து இப்போது குஞ்சுகள் வெளிவரும் காலம். முட்டையை விட்டு வந்த குஞ்சு, வெளிச்சம் அதிகமாகத் தெரியும் பக்கத்தையே கடல் என்று நம்பி நடக்கும். தெருவிளக்கு எரிந்தால் சாலையை நோக்கி நடக்கும். திங்கட்கிழமை காலையில் தார்ச்சாலை ஓரத்தில் ஐந்து குஞ்சுகள் காய்ந்து கிடந்ததை நானே பார்த்தேன். உள்ளங்கையில் பாதிகூட இல்லை ஒவ்வொன்றும். அதேநேரம், நாட்டுப்படகு மீனை ஏலம் எடுக்க விடியும் முன் இருட்டில் நடந்து போகும் பெண்களின் அச்சம் நியாயமானது. அதை ஆமைக்காகத் தள்ளிவைக்க எனக்கு உரிமை இல்லை. எனவே ஏலக்கூடத்துக்குச் செல்லும் பாதையில் மட்டும் நான்கு விளக்குகளைத் தாழ்வாக இறக்கி, கடல் பக்கம் வெளிச்சம் போகாதபடி தகர மறைப்பு போட்டு எரியவிடுகிறோம். மற்ற விளக்குகள் மே மாத இறுதியில் எரியும்.

தடைக்கால நிவாரணம் குறித்து: 2023 ஆகஸ்ட் மாதம் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவிக்கப்பட்டபடி குடும்பத்துக்கு 8,000 ரூபாய், அதற்கு முன் 5,000 ரூபாயாக இருந்தது. தொகை வங்கிக் கணக்கில் வரும் என்பதால், கணக்கு நடப்பில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கணவரை இழந்து, கடல்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் சிலரின் பெயர் பட்டியலில் விடுபட்டிருக்கிறது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கடலடிப் பாறை இடுக்குகளில் மூச்சடக்கிப் பாசி பறிக்கும் இவர்கள் மீனவர் இல்லை என்றால் வேறு யார் மீனவர் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களின் மனுக்களை நானே எழுதி, திங்கட்கிழமை ராமநாதபுரத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு அவர்களோடு போகிறேன். காலை ஏழரை மணிப் பேருந்து.

மற்றவை சுருக்கமாக. முதல் அரையாண்டுச் சொத்து வரியை ஏப்ரல் 30-க்குள் செலுத்தினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. தூய்மைப் பணியாளர்கள் வெயிலின் காரணமாக இனி காலை ஐந்தரை மணிக்கே வருவார்கள். மீன் கழிவை மற்ற குப்பையோடு கலக்காமல் தனி வாளியில் கொடுங்கள், அவர்கள் அதை வெறும் கையால் பிரிக்க நேர்கிறது. பள்ளிவாசல் தெருவின் உடைந்த வடிகால் மூடி மாற்றப்பட்டுவிட்டது. மாதா கோயில் தெருவின் மூடி இன்னும் மாற்றப்படவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் ஆகும் என்று உறுதி கொடுத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை மாலை ஊருணி வேலை முடிந்த பிறகு, படகுக்குப் பூசி மிஞ்சிய நீல பெயின்டைக் கொண்டு, படித்துறையின் ஒவ்வொரு படியிலும் பையன்கள் எண் எழுதினார்கள். மொத்தம் பதினான்கு படிகள். சென்ற ஆண்டு மழைக்குத் தண்ணீர் மூன்றாம் படியைத் தாண்டவில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இந்த ஐப்பசியில் எந்த எண் வரை ஏறுகிறது என்பதை வாரந்தோறும் இங்கே எழுதுகிறேன். அடுத்த கூட்டம் வருகிற செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு, அதே வலை பின்னும் கூடத்தில். இம்முறை வெளியே பாய் விரித்து வைக்கிறோம்.