வீரசக்கதேவி சன்னதியில் ஊமைத்துரையை நினைத்து

பாஞ்சாலங்குறிச்சிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் 1974-இல் கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். முதலில் வீரசக்கதேவியைக் கும்பிடுங்கள், கட்டபொம்மன் வம்சத்துக்குக் குலதெய்வம் அவள்.

பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பும்போதே எனக்கு மனசு முழுக்கக் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரைதான். 1799 அக்டோபர் 16-இல் அண்ணனைக் கயத்தாறில் தூக்கில் போட்டார்கள், கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள், தம்பியைப் பாளையங்கோட்டையில் அடைத்தார்கள். கதை முடிந்தது என்றுதான் கிழக்கிந்தியக் கும்பினிக்காரன் நினைத்திருப்பான். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி சிறையிலிருந்து தப்பியவர் நேரே இந்த மண்ணுக்குத்தான் வந்தார். ஒரு வாரம் கழித்து மேஜர் மெக்காலே படையோடு வந்து பார்த்தால், இடித்த இடத்தில் கோட்டை மறுபடி எழும்பி நிற்கிறது!

அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் 1942-இல் 'திரும்பி வருவேன்' என்று சொல்லி, 1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸில் லெய்ட்டே தீவில் வந்து இறங்கியதை உலகமே பேசுகிறது. பேசட்டும், சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர்தான். ஆனால் பேச்சே சரியாக வராத நம்ம ஆள், சைகையிலேயே படை நடத்தியவர், திரும்பி வந்ததைச் சபதம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

அம்மனுக்கு எலுமிச்சை மாலை சாத்தியிருந்தார்கள். பூசாரி என் நெற்றியில் அழுத்தி வைத்த குங்குமம் வியர்வையில் மூக்குவரை இறங்கிவிட்டது, அவ்வளவு வெயில். துடைக்க மனசு வரவில்லை.

அப்புறம் வெளியே வந்து, தரையோடு தரையாகக் கிடக்கும் பழைய அரண்மனை அஸ்திவாரத்தைப் பார்த்தேன். 1801 மே 24-இல் அந்தக் கோட்டை மறுபடி விழுந்த அன்று காயம்பட்டுப் பிணங்களுக்கு நடுவே கிடந்திருக்கிறார் ஊமைத்துரை. மகனைத் தேடி வந்த ஒரு தாயிடம், உயிர் போய்க்கொண்டிருந்த அந்த மகனே 'என்னை விடு, சாமியைக் காப்பாற்று' என்றானாம். அவளும் அவரைத் தூக்கிக்கொண்டு போய், தேடி வந்தவர்களிடம் அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். எதிர்ப்படையில் இருந்த வெல்ஷ் என்ற அதிகாரியே இதை எழுதி வைத்திருக்கிறார். அப்படிப் பிழைத்தவர் மருதிருவரோடு சேர்ந்து மறுபடி போரிட்டார், பிடிபட்டு நவம்பர் 16-இல் இதே ஊரில் தூக்கில் தொங்கினார்.

சித்திரைத் திருவிழாவுக்கு ஊர் ஊராக ஜோதி ஏந்தி வருவார்கள், முடிந்தால் அப்போது வாருங்கள். வந்தால் அந்தத் தாய்க்கும் அவள் மகனுக்கும் சேர்த்து ஓர் அர்ச்சனை செய்யுங்கள். பேர் தெரியாது, அம்மனுக்குத் தெரியும்.