கடல்நீர்த் தொட்டி, ஒன்பதாவது வாரம்: உப்பு ஒருவழியாக 35-இல் நின்றது

இன்று காலை ஆறு மணிக்குப் பார்த்தபோதும், ஒளி விலகுவதைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரின் நீலக்கோடு 35-இலேயே (ஆயிரம் கிராம் கடல்நீரில் 35 கிராம் உப்பு) இருந்தது. இது தொடர்ந்து ஆறாவது நாள். தொட்டியில் இன்னும் ஒரு மீன்கூட இல்லை. வெறும் தண்ணீரை இப்படிக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாயே என்று அம்மா கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வெறும் தண்ணீரைச் சரிசெய்வதற்குத்தான் எனக்கு ஐந்து வாரங்கள் பிடித்தன.

தொட்டி 24×12×15 அங்குலம். சென்னைக் கொளத்தூரின் மீன்தொட்டிக் கடையில் கண்ணாடியை ஒட்டச் சொல்லி வாங்கியது. மணலும் பாறையும் போக, ஏறத்தாழ 55 லிட்டர் நீர் நிற்கிறது. பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் பவளக்கல்லை நினைத்தும் பார்க்கவில்லை. சிமெண்டும் நொறுக்கிய கிளிஞ்சலும் கலந்து நானே பாறைகளை வார்த்து, காரம் இறங்கும் வரை வாரக்கணக்கில் மொட்டைமாடி டிரம்மில் ஊறப்போட்டேன். மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் 38ஆம் நாளில் பூஜ்யத்துக்கு இறங்கின. அதில் எந்தச் சிக்கலும் இல்லை.

சிக்கலெல்லாம் உப்பை அளப்பதில்தான். செலவைக் குறைப்பதாக நினைத்து முதலில் வாங்கியது நீரின் அடர்த்தியைக் கொண்டு உப்பைக் காட்டும், முள் ஆடும் வகை பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர். அது நாள்தோறும் கடல்நீரின் அடர்த்திக்கு நெருக்கமான 1.025 என்று காட்ட, நானும் நம்பிக்கொண்டிருந்தேன். முள்ளில் கண்ணுக்கு எளிதில் தெரியாத காற்றுக்குமிழிகள் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும் என்பதும், அதனால் இல்லாத உப்பை இருப்பதாக அது காட்டும் என்பதும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிப் பார்த்த பிறகே உறைத்தது. புதிய கருவி காட்டியது 28. உடனே பதறிப்போய், மூன்று நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கரைத்து 35-க்கு ஏற்றினேன்.

அந்த 35-உம் பொய். கருவியை ஆர்.ஓ. நீரில் (சவ்வு வழியே வடிகட்டி உப்பை நீக்கிய நீர்) வைத்துப் பூஜ்யத்துக்குத் திருகிவிட்டால் போதும் என்று நினைத்ததுதான் என் பிழை. பூஜ்யத்தில் சரியாக நிற்கும் கருவி 35-இல் தவறலாம். அளக்க வேண்டிய இடம் 35 என்றால், சரிபார்க்க வேண்டிய இடமும் 35-தான். அதற்கென விற்கும் திரவத்தின் சிறு குப்பிக்குக் கேட்கும் விலையைப் பார்த்துவிட்டு, நானே கலந்துகொள்வதென்று முடிவு செய்தேன். எடையில் 3.65 விழுக்காடு சோடியம் குளோரைடு உள்ள நீர், ஆயிரத்துக்கு 35 உப்புள்ள கடல்நீரைப் போலவே ஒளியை விலக்கும். சமையலறைத் தராசில் அரை கிராம் தெரியாது என்பதால் 36.5 கிராமை விட்டுவிட்டு, 73 கிராம் உப்பையும் 1,927 கிராம் ஆர்.ஓ. நீரையும் சேர்த்து மொத்தம் 2,000 கிராமாகக் கலந்தேன். கல்லுப்பு உதவாது, அதில் ஈரமும் வேறு உப்புகளும் உண்டு. பாக்கெட் பொடியுப்பையே வாணலியில் சிறுதீயில் வறட்டி, ஆறவைத்து, அதன் பிறகே நிறுத்தேன். வறட்டாமல் நிறுத்த முதல் கலவையைச் சாக்கடையில் ஊற்ற வேண்டியதாயிற்று.

இரண்டாவது கலவையில் கருவி காட்டியது 33. அதாவது என் தொட்டி அப்போது 35-இல் அல்ல, 37-இல் இருந்திருக்கிறது. மூன்று லிட்டரை வெளியே எடுத்து, அதே அளவு ஆர்.ஓ. நீரை ஊற்றியதும் கணக்கு நேரானது. ஆனாலும் நண்பகலில் எடுத்த அளவு காலை அளவோடு ஒத்துப்போகவில்லை. கருவியின் வெப்ப ஈடுசெய்தல் (சூடு மாறினாலும் அளவைத் தானே திருத்திக்கொள்வது) 10 முதல் 30 டிகிரி வரைதான் என்று அதன் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். சித்திரையில் என் அறையோ மதியம் 34-ஐத் தொடுகிறது. ஆகவே இப்போதெல்லாம் விடியற்காலையில் மட்டுமே அளக்கிறேன். ஒரு துளி விட்டு, கருவியின் சூட்டுக்கு அது வரும்வரை அரை நிமிடம் காத்திருந்து பிறகே கண்ணை வைக்கிறேன்.

வெயிலுக்காக மாட்டிய இரண்டு கணினி விசிறிகள் நீரை 32 டிகிரியிலிருந்து 29-க்கு இறக்கின. கூடவே நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டரை ஆவியாக்கின. உப்பு ஆவியாவதில்லை என்பதால், ஒரு நாள் நீர் சேர்க்க மறந்தாலும் 35 என்பது 36 ஆகிவிடும். தானாக நீர் சேர்க்கும் மின்கருவியின் விலை என் தொட்டியின் விலையையே தாண்டுகிறது. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்துக்குள் இருக்கும் சிறு மிதவை வால்வை 120 ரூபாய்க்கு வாங்கி, மேலே ஐந்து லிட்டர் வாளியை வைத்துக் குழாயால் இணைத்துவிட்டேன். பெரிய வாளி வைத்தால் அடிக்கடி நிரப்ப வேண்டியதில்லையே என்று நண்பர் ஒருவர் சொன்னார். வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் ஐந்து லிட்டர் மட்டுமே இறங்கும், உப்பு 32-க்குக் கீழே போகாது, விளிம்புக்குக் கீழே நான்கு சென்டிமீட்டர் இடம் விட்டிருப்பதால் தரையும் நனையாது என்பதே என் கணக்கு. அந்தக் கணக்கு வீண்போகவில்லை. மிதவையின் கீலில் உப்பு பூத்து, பத்தாம் நாளே வால்வு சிக்கிக்கொண்டது. இப்போது ஞாயிறுதோறும் கழற்றி வெந்நீரில் கழுவுகிறேன்.

ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: சுவைக்காக வடிகட்டாத தண்ணீரைச் சிறிது கலந்துவிடும் திருகு உள்ளே இருக்கிறது. அதை முழுவதும் மூடிய பிறகே நீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் என் டிடிஎஸ் மீட்டர் 70-இலிருந்து 12-க்கு இறங்கியது.

அடுத்து, பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீன் ஒரு ஜோடி. கடலில் பிடித்தவை விலை குறைவுதான். ஆனால் அவை இரை எடுக்க முரண்டு பிடிக்கின்றன, நோயையும் கூட்டிவருகின்றன. விற்பவரிடம் பத்து நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன். அதற்குள் நைட்ரைட்டிலிருந்து உருவாகும் நைட்ரேட்டை லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இறக்க ஒரு முறை நீர் மாற்ற வேண்டும். புது நீரைக் கலக்கும் வாளி இன்னும் வாங்கவில்லை.